தொட்டியில் வளரும் ஓரறிவுயிர்

வெட்டாமலும் கிள்ளாமலும் செடி வளர்ப்பது இயலாது. நெருங்கி முளைத்த நாற்றுகளுள் திடமானவற்றை நிறுத்தி மற்றவற்றைப் பிடுங்கி எறிதல், பக்கக் கிளைகள் வெடிக்க வேண்டி நுனித் தளிரைக் கிள்ளுதல், பூத்து ஓய்ந்த கொம்புகளைக் கவாத்துச் செய்தல், களையை வேரோடு களைதல், இலையின் அடிப்புறத்தில் அடையும் மாவுப்பூச்சியையும் அசுவினியையும் வேப்பெண்ணெய்க் கரைசலால் ஒழித்தல் என வீட்டுத்தோட்டத்தின் அன்றாடப் பணிகளுள் பெரும்பகுதி ஏதேனும் ஓர் உயிரைக் குறைப்பதாகவோ போக்குவதாகவோ இருக்கிறது. பசுமை பேணுதலைக் கருணைச் செயலாகவே கருதிப் பழகிய மனம் இந்தப் பக்கத்தைப் பொதுவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் தாவரத்துக்கும் உயிருண்டு என்று துணிந்த சமயங்கள் தோன்றிய இந்திய மண்ணில், செடியை வெட்டுபவர் தீங்கு செய்கிறாரா, செய்கிறார் எனில் அது எந்த அளவினது, எதன்பொருட்டு அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்னும் கேள்விகள் மிகப் பழையவை; அவற்றுக்குக் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. மாடியிலும் சாளரத் திட்டிலும் நாலைந்து தொட்டிகளை வைத்திருக்கும் ஒருவருக்கு அவ்விடைகளுள் எது உதவும் என்பது தனியே ஆராயத்தக்கது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியல், உயிர்களை அவற்றின் புலனறிவைக் கொண்டு ஆறு படிகளில் நிறுத்துகிறது. தொடுதலால் மட்டும் அறிவது உற்றறிவு. அந்த ஒன்றை மட்டும் உடையவை புல்லும் மரமும். அதற்குமேல் சுவை, மோப்பம், பார்வை, கேள்வி என ஒவ்வொன்றாகக் கூடி, மனத்தோடு மக்களிடத்தில் ஆறாகிறது. வைரம் புறத்தே அமைந்தவை புல், அகத்தே அமைந்தவை மரம் என்று அந்நூல் பிரிப்பதால் பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லின்பாற்படுகின்றன. இன்றைய தாவரவியலும் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெருந்தொகுதியில் வைப்பதை அறிந்தவர், இந்தப் பகுப்பில் உள்ள கூரிய கண்ணை மதிக்காமல் இருக்க முடியாது. ஆயினும் மரபியல் வகைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறது. ஓரறிவுயிரை எவ்வாறு நடத்த வேண்டும் என்று அது விதிக்கவில்லை. அந்த வேலையை முழுமையாக எடுத்துக்கொண்டது சமணம்.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் முதலான சமண நூல்கள் உயிர்களை நிலைத்திணை, இயங்குதிணை என இரண்டாக்கி, மண், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட நுண்ணுயிர்களோடு தாவரத்தையும் தொடுபுலன் மட்டும் உடைய நிலைத்திணையில் சேர்க்கின்றன. தாவரத்திலும் இரு வகை உண்டு: ஓருடலில் ஓருயிர் தங்குவது தனியுடல் தாவரம், எண்ணிறந்த உயிர்கள் ஒரே உடலைப் பகிர்வது பொதுவுடல் தாவரம். கிழங்கையும் வெங்காயத்தையும் சமணர் விலக்குவதற்கு இந்த இரண்டாம் வகையே காரணம். துறவியைப் பொறுத்தவரை விதி எளிது, ஏனெனில் அவர் பயிரிடுவதும் இல்லை, சமைப்பதும் இல்லை. இல்லறத்தாரின் நிலைதான் சிக்கலானது. அவர் ஏற்கும் அணுவிரதம், அதாவது சிற்றளவு நோன்பு, இயங்கும் உயிர்களை வேண்டுமென்றே கொல்வதைத் தடுக்கிறது. ஓரறிவுயிர்களைப் பொறுத்தவரை தேவைக்கு மிஞ்சிய சேதம் கூடாது என்ற அளவில் நிற்கிறது. தீங்கையே நான்காகப் பிரித்து, திட்டமிட்டுச் செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, பிழைப்பில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்று தரம் குறிப்பதும் இந்த இடைவெளியை நிரப்பத்தான். காட்டை அழித்துப் பிழைப்பதும் நிலத்தைக் கீறிப் பிழைப்பதும் விலக்கத்தக்க தொழில்களின் பட்டியலில் இடம்பெற்றன; வட இந்தியச் சமணர் வணிகத்தை நாடியதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்வர். ஆனால் மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக உழவையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை நோக்கும்போது, கோட்பாட்டின் இறுக்கத்துக்கும் வயலின் நடைமுறைக்கும் இடையே ஒரு சமுதாயம் தன் வழியைக் கண்டுகொள்ளும் என்பது புலனாகிறது.

பௌத்தம் இதே கேள்வியை வேறு வழியில் கையாண்டது. பாதிமோக்கம் எனப்படும் துறவிகளின் விதித்தொகுப்பில், உயிருள்ள தாவரத்தைச் சேதப்படுத்துவது பாசித்தியம், அதாவது சக துறவியிடம் வெளிப்படுத்தித் தூய்மை பெற வேண்டிய குற்றம் என்று விதிக்கப்பட்டுள்ளது; அதற்கு முந்திய விதி மண்ணைத் தோண்டுவதைத் தடுக்கிறது. இவ்விதி பிறந்த கதையில் ஆளவி என்னும் ஊரில் துறவி ஒருவர் மரம் வெட்ட, அம்மரத்தில் வாழ்ந்த தேவதை புத்தரிடம் முறையிடுகிறது. கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் காரணம் அதைவிடக் கவனத்துக்குரியது: மரத்தில் உயிர் உண்டு என்று மக்கள் எண்ணுகிறார்கள், ஆகவே துறவியர் அவ்வாறு நடக்கலாகாது. மரத்துக்கு உண்மையிலேயே உணர்வு உண்டா என்பதை விதி தீர்ப்பதில்லை. பிற்காலத் தேரவாதம் தாவரத்தை உணர்வுயிராகக் கொள்ளவும் இல்லை. இவ்விதிக்கான விளக்கம் தாவரம் பெருகும் முறைகளை ஐந்தாகப் பிரித்துச் சொல்வது தோட்டக்காரருக்கு வியப்பளிக்கும். இஞ்சி, மஞ்சள் போல வேர்த்தண்டால் பெருகுவன. ஆல், அரசு போலத் தண்டால் பெருகுவன. கரும்பு, மூங்கில் போலக் கணுவால் பெருகுவன. துளசியினத்துச் செடிகள் போல நுனித் தண்டால் பெருகுவன. தானியம் போல விதையால் பெருகுவன. பயிரிடக் கூடாதவர்களுக்காக எழுதப்பட்ட விதிநூல், பயிர்ப்பெருக்கத்தின் ஒழுங்கான அட்டவணையைத் தந்திருக்கிறது.

அந்த அட்டவணையின் நடு மூன்று வகைகள் தத்துவத்துக்கு ஓர் இடையூற்றை உண்டாக்குகின்றன. விலங்கை இரண்டாக வெட்டினால் அது சாகும்; செடியை இரண்டாக வெட்டினால் பல வேளைகளில் அது இரண்டாகும். அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் இதைக் கவனித்து, உணவேற்று வளரும் ஆற்றலாகிய தாவர ஆன்மா ஒரு செடியில் நடப்பில் ஒன்றாகவும் ஆற்றல் நிலையில் பலவாகவும் இருக்கிறது என்று கூறினார். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உயிரின் இயல்பை மரத்தைக் காட்டி விளக்குகையில், சீவன் ஒரு கிளையை விட்டகன்றால் அக்கிளை உலர்கிறது, முழுவதையும் விட்டகன்றால் மரம் முழுதும் உலர்கிறது என்கிறார். வெட்டித் தரையில் கிடக்கும் கொம்புக்கு அவ்விளக்கம் பொருந்துகிறது. அதே கொம்பை ஈர மண்ணில் ஊன்றிவைத்துத் தளிர் கண்டால், விட்டகன்ற சீவன் எது, தங்கிய சீவன் எது என்பதை உபநிடதத்தின் விளக்கம் கொண்டு சொல்ல இயலவில்லை. வேர், தண்டு, இலை என உறுப்புதோறும் வெவ்வேறு உயிர்கள் உறையக்கூடும் என்று சமணர் கொண்டது இந்த இடையூற்றைத் தாண்டும் ஒரு வழி. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை, ஒரு செடி என்று ஒருமையில் சொல்வதே ஐயத்துக்குரியதாகிவிடுவது.

வீட்டுச் செடிகளில் இது ஏட்டளவிலான ஐயம் அன்று. பசிபிக் பெருங்கடலின் மூரியா தீவைத் தாயகமாகக் கொண்ட மணி பிளாண்ட் பயிர்நிலையில் பூப்பது அரிது. பூப்பைத் தூண்டும் ஜிப்பரெலின் என்னும் ஊக்கியை அதனால் போதிய அளவு உண்டாக்க முடியாததே காரணம் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஊரெங்கும் கண்ணாடிக் குப்பிகளிலும் தொட்டிகளிலும் படரும் கொடிகள் விதையைக் கண்டறியாதவை. கணுவோடு நறுக்கிய துண்டு வேர்விட்டு, அதிலிருந்து நறுக்கிய துண்டு மீண்டும் வேர்விட்டு வந்த தொடர்ச்சியே அவை. இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு, தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டில் 1895இல் ஜான் மெட்லி வுட் கண்டெடுத்த என்செபலார்டோஸ் வுடி என்னும் சைக்கஸ் இனச் செடி. இவ்வினத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். கிடைத்தது ஓர் ஆண் செடிதான், பெண் செடி இன்றுவரை கிடைக்கவில்லை. லண்டன் கியூ தோட்டம் முதலாக உலகின் பல தாவரவியல் பூங்காக்களில் இன்று நிற்பவையெல்லாம் அந்த ஒரே செடியின் பக்கக் கன்றுகள். காட்டில் அது இல்லை. இவற்றைப் பார்க்கையில், கவாத்தைக் கொலையோடும் உறுப்பறுப்போடும் ஒப்பிடுவது விலங்கின் உடலை அளவுகோலாகக் கொண்டு தாவரத்தை அளக்கும் பிழை என்று தோன்றுகிறது. நுனி மொட்டில் உண்டாகும் ஆக்சின் என்னும் ஊக்கி பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனால் அவை விழித்துக் கிளைக்கின்றன. கார்த்திகையில் குண்டுமல்லியைத் தரையிலிருந்து அரை மீட்டர் அளவுக்கு விட்டு வெட்டும் உழவர், செடியின் இந்த அமைப்பைத்தான் பயன்படுத்துகிறார். வெட்டுப்படாத மல்லி நெடுநாள் நிற்கும், பூ மட்டும் குறைந்துகொண்டே போகும்.

இனி, வலி என்னும் கேள்வி. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பிருகு முனிவர் பரத்துவாசருக்கு மரங்களின் ஐம்புலனையும் நிறுவ முயல்கிறார்: வெப்பத்தில் இலை வாடுவதால் தொடுபுலன் உண்டு, இடியோசையில் பூவும் காயும் உதிர்வதால் செவி உண்டு, கொடி வழிகண்டு சுற்றிப் படர்வதால் பார்வை உண்டு, புகையூட்டினால் நோய் நீங்கிப் பூப்பதால் மோப்பம் உண்டு, வேரால் நீர் பருகுவதால் சுவை உண்டு. வெளியே தெரியும் எதிர்வினையிலிருந்து உள்ளே இருப்பதாகக் கருதும் உணர்வுக்குத் தாவும் இவ்வாதமுறை, ஜகதீச சந்திர போஸ் 1901இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தாவர இழைகளின் மின்விளைவுகளைக் கருவி வைத்துக் காட்டியபோதும் அடிப்படையில் மாறவில்லை, சான்றுகள்தாம் கூர்மையடைந்தன. 2006இல் சில அறிஞர்கள் தாவர நரம்பியல் என்றொரு துறையை முன்மொழிந்தபோது, நரம்பும் மூளையும் இல்லாத உடலுக்கு அப்பெயர் பொருந்தாது என்று முப்பத்தாறு தாவரவியலாளர் 2007இல் கூட்டாக மறுப்பு எழுதினர். கம்பளிப்புழு கடித்த இலையிலிருந்து கால்சிய அலையொன்று சில நிமிடங்களுக்குள் மற்ற இலைகளுக்குப் பரவி அங்கே தற்காப்பைத் தூண்டுவதை அரபிடாப்சிஸ் செடியில் 2018இல் வெளியான ஆய்வு படம்பிடித்துக் காட்டியது. செடிக்குச் செய்தி போகிறது என்பதில் இன்று ஐயமில்லை. அச்செய்தியை யாரேனும் உணர்கிறார்களா என்பதே பூட்டிய கதவு; பிருகு காலத்திலிருந்து அக்கதவின் முன்னேதான் விவாதம் நிற்கிறது.

சுவிட்சர்லாந்து தன் அரசியலமைப்பில் படைப்புயிரின் மாண்பு என்னும் கருத்தைச் சேர்த்துக்கொண்ட நாடு. அதன் கூட்டரசு அறநெறிக் குழு ஒன்று 2008இல் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், வழியோரப் பூவின் தலையைக் காரணமின்றிக் கொய்வது தகாது என்ற முடிவுக்கு வந்தபோது, உலகின் பல பகுதிகளிலும் அது கேலிக்கு ஆளாயிற்று. அம்முடிவுக்கு நிகரான ஒழுக்கம் தமிழகத்தில் கேலிக்கு இடமின்றி நெடுங்காலமாக வழங்கிவருகிறது. துவாதசி நாளிலும் இரவிலும் துளசியைக் கிள்ளாமல் இருப்பதும், மருந்துக்கு மூலிகை எடுக்கும்முன் சாபநிவர்த்தி என்னும் சடங்கு செய்து செடியிடம் இசைவு வேண்டுவதும், வெட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. காரணமின்றியும் கணக்கின்றியும் வெட்டுவதையே தடுக்கின்றன.

இவ்விவாதத்தில் இராமலிங்க அடிகளின் இடம் தனித்து நோக்கத்தக்கது. நீரின்றி வாடிய பயிருக்கு இரங்கியவராக அவரைத் தமிழர் அனைவரும் அறிவர். ஆனால் அந்த இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய வாதத்தை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில், புலாலை மறுப்பவர் தாவரத்தை உண்பது மட்டும் எவ்வாறு தகும் என்ற தடையைத் தாமே எழுப்பி விடை கூறுகிறார். தாவரமும் உயிர்தான், ஆனால் மனம் முதலிய கருவிகள் அங்கே விரியவில்லையாதலால் விலங்குக்கு நேர்வது போன்ற துன்பம் அதற்கு நேர்வதில்லை, வித்து சடமே, உயிர் பின்னரே அதில் ஏறுகிறது, காயையும் கனியையும் பூவையும் தழையையும் கொள்வது நகத்தையும் மயிரையும் களைவது போன்றது. இந்த விடையின் நுட்பம் எல்லையை அவர் வகுத்த இடத்தில் இருக்கிறது. சமணரைப் போல உயிருண்டா என்று மட்டும் கேளாமல், துன்பம் எழுவதற்குரிய கருவி உண்டா என்று கேட்டார். இன்றைய தாவரவியலாளர் நரம்பைத் தேடுவதும் அவர் கருவியைத் தேடியதும் ஒரே திசையில் செல்லும் தேடல்கள்.

ஆயினும் புலன்களை எண்ணும் ஏணியோ துன்பக் கருவியை எண்ணும் முறையோ தோட்டத்துக்குள் வந்ததும் தலைகீழாகிவிடுகிறது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. மரபியல் எறும்பையும் சிதலையும் மூவறிவில் வைக்கிறது. அசுவினியையும் மாவுப்பூச்சியையும் எந்தப் படியில் நிறுத்தினாலும் அவை ஓரறிவுக்கு மேற்பட்டவை. செம்பருத்தியின் மொட்டைக் காப்பதற்காக அவற்றைக் கொத்துக்கொத்தாக அழிப்பவர், கீழ்ப்படியில் நிற்கும் ஓருயிருக்காக மேற்படியில் நிற்கும் நூறு உயிர்களைப் பலியிடுகிறார். வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதால் இக்கணக்கு மாறிவிடாது. சுரபாலர் இயற்றிய விருட்சாயுர்வேதம் என்னும் வடமொழி நூல் செடிகளுக்குப் பரிந்துரைக்கும் குணபஜலம் விலங்கின் ஊனையும் கொழுப்பையும் வேகவைத்துப் புளிக்கவிட்டு ஆக்கும் ஊட்டநீர். இன்று உரக்கடையில் எலும்புத்தூள் வாங்கி ரோஜாவுக்கு இடுவோரும் அதே மரபில்தான் நிற்கின்றனர். புலன் ஏணியை அறத்தின் ஒரே அளவாகக் கொண்டால் செடிவளர்ப்பின் பெரும்பகுதி தவறாக முடியும். அவ்வாறு முடிவு செய்து மண்வெட்டியைக் கீழே வைத்த சமணத் துறவியின் நிலை முரண்பாடற்றது. செடி வளர்க்கவும் வேண்டும், அறவழியிலும் நிற்க வேண்டும் என்பவர் வேறோர் அடிப்படையைத் தேடத்தான் வேண்டும்.

பக்தி மரபு அத்தகைய அடிப்படை ஒன்றைத் தந்தது: வெட்டும் செயலின் நியாயம் அதன் நோக்கத்தில் இருக்கிறது. வில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், அரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும், இராமானுசரின் ஏவலால் திருமலையில் அனந்தாழ்வானும் அமைத்த நந்தவனங்கள், அதாவது இறைவனுக்குப் பூவளிப்பதற்கென்றே வளர்த்த தோட்டங்கள், வைணவ மரபில் பெரும்பேறாகப் போற்றப்படுகின்றன. சைவத்தில் திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூக்களையும் விடியுமுன் கொய்து மாலை தொடுத்தே அடியாராயினார். இதற்கு நேரெதிராக, திகம்பரச் சமணருள் தேராபந்திப் பிரிவினர் வழிபாட்டில் பச்சைப் பூவை ஏற்காமல் மஞ்சள் நிறமூட்டிய அரிசியைப் பூவாகக் கொள்கின்றனர். இரு நெறிகளின் வேறுபாட்டை ஒரே வாழ்க்கையில் காட்டுபவர் திருநாவுக்கரசர். தருமசேனர் என்னும் பெயரோடு சமணச் சங்கத்தில் இருந்தவரையில் அவருக்குப் புல் மிதிக்கவும் தகாத உயிர்; சைவத்துக்கு மீண்டபின் அவர் கையில் அடையாளமாகவே நிலைத்த உழவாரம், கோயில் திருமுற்றத்தில் முளைத்த புல்லைச் செதுக்கி எறியும் கருவி. புல் மாறவில்லை, அதன் உயிர் பற்றிய கொள்கையைச் சைவம் மறுக்கவும் இல்லை. அது முளைத்திருந்த இடமே அதன் விதியை முடிவு செய்தது.

நோக்கம் என்னும் இவ்விடை யாருக்காக வெட்டுகிறோம் என்பதற்குப் பதில் சொல்கிறது. வெட்டப்படுவதற்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதைத் தொடுவதில்லை. தில்லையில் வழிபட்ட வியாக்கிரபாதர், வண்டு தொடுமுன் பூவைக் கொய்வதற்காகப் புலிக்காலும் கண்ணும் வரமாகப் பெற்றார் என்கிறது தலபுராணம். பக்தியின் தீவிரத்துக்கு இதைவிட நல்ல கதை இல்லை. ஆனால் மகரந்தத்தை எடுத்துச் செல்லும் வண்டு வராமல் செடியின் வேலை முடிவதில்லை என்பதை அறிந்த தோட்டக்காரர் அக்கதையில் இன்னொரு தரப்பும் இருப்பதைக் காண்பார். வண்டின் பங்கும் செடியின் பங்கும் பேசப்படாமலே நோக்கம் வென்றுவிடுகிறது.

புலனையும் வலியையும் நோக்கத்தையும் தவிர்த்த இன்னோர் அடிப்படை தமிழிலேயே இருக்கிறது. அதன் பெயர் அடைக்கலம். ஒருவர் காவலில் ஒப்படைக்கப்பட்ட பொருளையும் ஆளையும் அச்சொல் குறிக்கும். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு நடக்கும் வழியில், வயற்கரையில் நண்டும் நத்தையும் காலடியில் பட்டால் நேரும் துன்பம் தாங்கொணாதது என்று எச்சரிக்கும் சமணத் துறவியான கவுந்தியடிகள், ஊர்ப்புறம் வந்ததும் கண்ணகியை இடைக்குல முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். முன்னதில் உயிரின் தன்மை கடமையைப் பிறப்பிக்கிறது. பின்னதில் ஒப்படைக்கப்பட்ட நிலையே கடமையைப் பிறப்பிக்கிறது. மாதரி செய்த தவறு ஏதுமில்லை. ஆயினும் அடைக்கலம் இழந்த துயரம் பொறாமல் அவள் தீயில் புகுந்தாள் என்று காப்பியம் கூறுவதிலிருந்து, இந்த இரண்டாம் கடமை எவ்வளவு வலியதாகக் கருதப்பட்டது என்பதை உணரலாம். நற்றிணையின் 172ஆம் பாடல் இதை ஒரு மரத்துக்கே பொருத்திக் காட்டுகிறது: விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிட, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த அம்மரத்தை உங்கள் உடன்பிறந்தாள் என்று தாய் சொன்னதால், அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசவும் நாணமாக இருக்கிறது என்று மறுக்கிறது தலைவியின் தரப்பு. புன்னைக்கு உணர்வுண்டா என்ற ஆராய்ச்சி அங்கே எழவே இல்லை. வளர்த்ததனால் உறவு வந்தது, உறவு வந்ததனால் நடத்தை மாறியது.

தொட்டிச் செடியின் நிலை அடைக்கலத்திலும் இறுக்கமானது. தரையில் நிற்கும் மரம் நீரில்லாத காலத்தில் வேரை ஆழத்துக்கும் அகலத்துக்கும் அனுப்புகிறது. மழையும் மண்புழுவும் உதிர்ந்த இலையும் யாரையும் கேளாமல் அதற்கு உதவுகின்றன. தொட்டியில் இட்ட கணத்தில் இவையனைத்தும் துண்டிக்கப்பட்டு, ஓரிரு கைப்பிடித் தென்னைநார்க் கழிவும் செம்மண்ணும் மட்டும் அதன் உலகமாகின்றன. அவ்வுலகத்துக்கு நீரும் ஊட்டமும் வெளிச்சமும் வர ஒரே வழி வளர்ப்பவரின் கை. யாரும் ஒப்படைக்காமல் தாமே வலிய எடுத்து வந்து ஏற்படுத்திய சார்பு என்பதால் கடமை இங்கே மாதரியினுடையதைவிடக் கூடுதல் என்று வாதிடவும் இடமுண்டு. அன்பு மட்டும் போதாத கடமை இது. நீர் மிகும்போது மண்ணின் காற்றுத் துளைகள் அடைபட்டு, வேருக்கு உயிர்வளி கிட்டாமல் அது அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேரால் நீரை ஏற்ற முடியாததால் இலை துவள்கிறது. துவண்ட இலையைத் தாகம் என்று படித்த அன்புள்ளவர் இன்னும் நீரூற்றுகிறார். வீட்டுச் செடிகளின் சாவுக்கு அலட்சியத்தைப் போலவே இத்தகைய பாசமும் பெருங்காரணம். ஆகவே மண்ணில் விரல் வைத்துப் பார்ப்பதும், நிழற்செடி எது வெயிற்செடி எது என்று அறிவதும், வேர் சுருண்டு தொட்டியை நிறைத்ததும் இடம் மாற்றுவதும் வெறும் தொழில்நுட்பக் குறிப்புகளாகாமல் அறத்தின் உறுப்புகளாகின்றன.

கவாத்தையும் பூச்சி ஒழிப்பையும் இவ்வடிப்படையில் மீண்டும் நோக்கினால் அவற்றின் எல்லை ஓரளவு தெளிவாகிறது. அடைக்கலமாக ஏற்ற செடியின் நலனுக்கு உதவும் வெட்டு அதற்குச் செய்யும் பணிவிடை. வளர்ப்பவரின் கண்ணுக்கு மட்டும் உதவும் வெட்டு அவர் அதனிடம் வாங்கும் வரி. வரி வாங்கலாம், ஆனால் அதைப் பணிவிடை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மாவுப்பூச்சியின் உயிர் தாழ்ந்தது என்று கூறித் தப்பாமல், காவலில் இருப்பதன் பக்கம் நின்றதால் நேர்ந்த தீங்கு அது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை; சமணர் வகுத்த தற்காப்புத் தீங்கோடு இதற்கு நெருக்கம் உண்டு. கையால் துடைத்தால் போகும் இடத்தில் மருந்தடிக்காமல் இருப்பது அந்த ஒப்புதலின் இயல்பான விளைவு.

இதற்குச் சமணத் துறவி ஒருவர் எழுப்பக்கூடிய மறுப்பு வலிமையானது. கடமை சார்பிலிருந்து பிறக்கிறது என்றால், சார்பை உண்டாக்காமல் இருப்பதே குற்றமற்ற வழி அன்றோ? பெருகிவரும் செடி வாணிபத்தைப் பார்த்தால் இம்மறுப்பை ஒதுக்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் சதைச்செடிப் பாலைநிலத்தில் கோனோஃபைட்டம் என்னும் சிறுசெடிகளைச் சேகரிப்போரின் ஆசைக்காகத் திருடர்கள் கூட்டம்கூட்டமாகப் பெயர்த்தெடுப்பதால் சில இனங்கள் காட்டிலிருந்து அற்றுப்போகும் நிலைக்கு வந்துள்ளன. அச்செடிகளைத் தொட்டியில் எவ்வளவு பரிவோடு பேணினாலும், பெயர்த்தெடுத்த குற்றத்தில் வாங்கியவருக்குப் பங்கில்லை என்று கூற முடியாது. ஆனால் என்செபலார்டோஸ் வுடி போலத் தோட்டத்துக்கு வெளியே வாழ்விடமே இல்லாத செடியும், வெட்டுத்துண்டாலன்றிப் பெருகாத மணி பிளாண்ட்டும் எதிர்ப்பக்கத்தில் நிற்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை சார்பை இனித் தவிர்க்க வழியில்லை, அதை ஏற்பவர் யார் என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி.

சமணத்திடமிருந்து செடி வளர்ப்போர் பெறத்தக்கது அகிம்சையைவிட அதன் ஐந்தாவது நோன்பே எனலாம். இல்லறத்தாருக்குரிய அந்நோன்பு பரிக்கிரகப் பரிமாணம், அதாவது உடைமைக்கு அளவு வகுத்தல்: நிலம், வீடு, பொன், கால்நடை, தானியம் ஆகிய ஒவ்வொன்றிலும் இவ்வளவுக்கு மேல் கொள்வதில்லை என்று தாமே முன்கூட்டி உறுதியெடுத்துக்கொள்வது. கால்நடை அப்பட்டியலில் இருப்பதால், உயிருள்ள உடைமைக்கும் அளவு வேண்டும் என்னும் எண்ணம் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. தொட்டிச் செடியை அதில் சேர்ப்பது பெரிய தாவல் ஆகாது. அளவை எங்கே வைப்பது என்பதை நர்சரிக்குப் போவதற்குமுன் வீட்டில் இருந்தபடியே தீர்மானிப்பது நல்லது. சித்திரை வெயிலில் பத்து நாள் வீடு பூட்டிக் கிடக்கும்போது எத்தனை தொட்டிகளுக்கு நீரூற்றப் பக்கத்து வீட்டார் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்டுப் பார்த்தாலே ஏறத்தாழச் சரியான எண் கிடைத்துவிடும்.